தீபாவளி விளக்கும் கிறிஸ்துமஸ் கெடுவும்: எச்.ஓ.ஏ. வீடுகளிலிருந்து வந்த கேள்விகள்

அமெரிக்கப் புறநகரில் வீடு வாங்கியவர்களுக்கு, குடியிருப்பின் வீடுகளுக்கு விதி போடும் வீட்டு உரிமையாளர் சங்கம், அதாவது எச்.ஓ.ஏ., யார் என்று சொல்லத் தேவையில்லை. கொலுவில் தொடங்கிப் பொங்கல் வரை நமக்குப் பண்டிகை. ஹாலோவீனில் தொடங்கிப் புத்தாண்டு வரை அக்கம்பக்கத்துக்குப் பண்டிகை. சங்கத்தின் கடிதமும் இந்த மாதங்களில்தான் தேடி வரும். வாசகர்கள் அனுப்பியவற்றில் சில கேள்விகள் இங்கே.

கேள்வி: தீபாவளிக்குக் கூரையோரம் கட்டிய விளக்கைக் கார்த்திகை தீபம் முடியட்டும் என்று விட்டுவைத்தோம். "அனுமதித்த காலத்துக்கு வெளியே பருவ அலங்காரம், பத்து நாளில் அகற்றவும்" என்று கடிதம் வந்துவிட்டது. மூன்று வீடு தள்ளி நவம்பர் நடுவிலேயே கிறிஸ்துமஸ் மான் நிற்கிறது. எங்களுக்கு மட்டும் ஏன்?
(வாசகி, ஃபிரிஸ்கோ, டெக்சஸ்)

பதில்: முதலில் விதியை எடுத்து வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். அலங்கார விதியைப் பெரும்பாலும் இரண்டு விதமாக எழுதியிருப்பார்கள். ஒன்று தேதி போட்டது: "தேங்க்ஸ்கிவிங் முதல் ஜனவரி 15 வரை" என்பது போல (தேங்க்ஸ்கிவிங் நவம்பரின் நான்காம் வியாழன்). இன்னொன்று பண்டிகையைச் சுற்றி எழுதியது: "பண்டிகைக்கு 30 நாள் முன்பும் 30 நாள் பின்பும்." உங்களுடையது இரண்டாவது வகை என்றால் பிரச்சினையே இல்லை. 2025-ல் தீபாவளி அக்டோபர் 20, கார்த்திகை தீபம் டிசம்பர் 3. இடையில் ஆறு வாரம். தீபாவளிக்குப் பிந்தைய 30 நாள் மட்டும் போதாதுதான். ஆனால் கார்த்திகை தனிப் பண்டிகை, அதற்கு முந்தைய 30 நாள் தனிக் கணக்கு. இரண்டையும் சேர்த்தால் நடுவில் ஒரு நாள்கூட விடுபடாது. சங்கத்துக்காகக் கடிதம் எழுதிய நிர்வாக நிறுவனத்துக்குக் கார்த்திகை என்று ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. நீங்கள்தான் தேதியோடு சொல்ல வேண்டும்.

முதல் வகை என்றால், எழுதியவர் கிறிஸ்துமஸை மட்டும் மனதில் வைத்து எழுதியிருக்கிறார். அப்படியானால் நவம்பர் நடுவில் நிற்கும் மானும் விதிமீறல்தான்! அதற்காக அந்த வீட்டைப் படம் எடுத்து அனுப்பிவிடாதீர்கள். விளக்குச் சண்டை ஜனவரியில் முடிந்துவிடும், பக்கத்து வீட்டுச் சண்டை முடியாது.

டெக்சஸில் உங்களுக்குச் சட்டத் துணையும் உண்டு. சொத்துச் சட்டம் 202.018-ஆம் பிரிவு, வீட்டில் சமயச் சின்னம் வைப்பதைச் சங்கம் தடுக்கக் கூடாது என்கிறது. 2011-ல் வந்தபோது வாசற்கதவில் 25 சதுர அங்குலத்துக்கு மட்டும் இடம் தந்தது. 2021 திருத்தம் அதை வீட்டு மனை முழுவதற்கும் விரித்தது. விலக்குகளும் உள்ளன: பொது இடத்தில் வைக்கக் கூடாது, மனையின் கட்டட எல்லைக்கோட்டைத் தாண்டக் கூடாது, தெருவிளக்குக் கம்பத்திலோ தீயணைப்புக் குழாயிலோ கட்டக் கூடாது, பாதுகாப்புக்கு ஆபத்தாக இருக்கக் கூடாது. கூரையோர விளக்கு மாலை சமயச் சின்னமா, வெறும் அலங்காரமா என்று வாதம் வரலாம். அதனால் பதிலில் "தீபாவளி, கார்த்திகை தீபம் ஆகிய பண்டிகைகளில் விளக்கேற்றுவதே வழிபாடு" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்.

பதிலைத் தொலைபேசியில் சொல்லாதீர்கள், மின்னஞ்சலில் எழுதுங்கள். விதியின் அந்த வரி, பண்டிகைத் தேதிகள், தேதி தெரியும் ஒரு படம், எந்த நாளில் கழற்றுவீர்கள் என்ற உறுதி. இந்த நான்கும் போதும். அபராதம் போடுவோம் என்று பதிவுத் தபால் வந்தால், அந்த அறிவிப்பிலிருந்து 30 நாளுக்குள் விசாரணை கேட்டு எழுத்தில் கடிதம் கொடுங்கள். டெக்சஸ் சட்டம் தரும் உரிமை அது. கிறிஸ்துமஸுக்கு அனுமதித்துத் தீபாவளிக்கு மறுத்தால் 1968-ன் மத்திய வீட்டுரிமைச் சட்டத்தின் கீழ் மதப் பாகுபாடு என்ற கேள்வியும் எழும்.

அதற்காக உடனே வழக்குக்குக் கிளம்ப வேண்டாம். ஐடஹோவின் ஹேடனில் ஒரு கிறிஸ்துமஸ் விளக்குக் காட்சி (நிஜ ஒட்டகம் உட்பட!) சங்கத்தோடு மோதி நீதிமன்றம் போனது. 2018-ல் ஜூரி, சங்கம் வீட்டுக்காரருக்கு 75,000 டாலர் கொடுக்கச் சொன்னது, 2019-ல் நீதிபதி அதை ரத்து செய்தார், அதன் பிறகும் மேல்முறையீட்டில் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. செப்டம்பரில் நடக்கும் சங்க நிர்வாகக் குழு (போர்டு) கூட்டத்துக்குப் போய், விதியில் "கிறிஸ்துமஸ்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "அக்டோபர் 1 முதல் ஜனவரி 31 வரை" என்று மாற்றச் சொல்வது மலிவான வழி. ஐந்தாறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து கேட்டால் எடுபடும்.

கேள்வி: கராஜ் வெளியே ஒரே ஒரு பிளக். விளக்குச் சரம் நான்கு, காற்றடைத்த யானை ஒன்று மாட்டியிருக்கிறோம். மழை வந்தாலே ட்ரிப் ஆகிறது. லோடு அதிகமா? ஊரிலிருந்து வாங்கி வந்த சீரியல் செட்டும் கைவசம் இருக்கிறது.
(வாசகர், எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: மழைக்கு மட்டும் ட்ரிப் ஆனால் லோடு காரணமில்லை, தண்ணீர்தான். 15 ஆம்பியர் சர்க்யூட் 120 வோல்ட்டில் 1,800 வாட் தாங்கும். மணிக்கணக்கில் எரியும் சுமைக்கு அதில் 80 சதவீதம், அதாவது 1,440 வாட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சி9 எனப்படும் பழைய பெரிய பல்பு ஒன்று 7 வாட், 25 பல்புச் சரம் 175 வாட். எட்டுச் சரம் போட்டாலே எல்லை வந்துவிடும். எல்.இ.டி. சிறுவிளக்கு நூறு சேர்ந்தாலும் பத்து வாட் வராது. உங்கள் நான்கு சரமும் எல்.இ.டி. என்றால் யானையின் விசிறியையும் சேர்த்துக் கணக்கு எங்கோ கீழே நிற்கும்.

வெளிப்பிளக்குக்குக் காவல் இருப்பது ஜி.எஃப்.சி.ஐ. என்ற பாதுகாப்பு சுவிட்ச். சுமார் 5 மில்லி ஆம்பியர் வேறு வழியில் கசிந்தாலே அறுத்துவிடும். புல்தரையிலோ மரத்தூளிலோ கிடக்கும் ஒரு இணைப்புக்குள் ஈரம் போனால் அந்த அளவு கசிவு சாதாரணம். எல்லாவற்றையும் உருவிவிட்டு ரீசெட் செய்து, ஒவ்வொன்றாக மாட்டிப் பத்து நிமிடம் பாருங்கள். எது ட்ரிப் செய்கிறதோ அதுதான் ஆள். இணைப்புகளைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டுங்கள். பிளக்குக்குச் சற்று முன்னால் வயர் கீழே தொங்கி மேலேறட்டும், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இன்சுலேஷன் டேப் சுற்றாதீர்கள். அது ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். இணைப்பை மூடும் பிளாஸ்டிக் பெட்டி கடையில் கிடைக்கிறது.

இன்னொன்றையும் இன்றே பாருங்கள். பல வீடுகளில் வெளிப்பிளக்கும் கராஜ் பிளக்கும் ஒரே ஜி.எஃப்.சி.ஐ.யில் இருக்கும். கராஜில் நம்மவர்கள் வைக்கும் இரண்டாவது ஃப்ரிட்ஜும் அதிலேயே இருந்தால், வாசலில் யானை படுத்த இரவில் உள்ளே ஃப்ரீசரும் படுத்துவிடும். மூன்றாம் நாள் வாடை வந்த பிறகுதான் தெரியும்.

ஊர் சீரியல் செட் வேண்டாம். அது 230 வோல்ட்டுக்குச் செய்தது, இங்கே மங்கலாக எரியும் அல்லது எரியாது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து எரிய வைத்தாலும் வெளியில் மழை தாங்காது, பிளக்கில் ஃபியூஸ் கிடையாது. இங்கே வாங்கும்போது யூ.எல். என்ற பாதுகாப்புச் சோதனை முத்திரையும் வெளிப்புறப் பயன்பாட்டுக்கு என்ற வரியும் இருக்கிறதா பாருங்கள். சரத்தோடு சரம் எத்தனை கோக்கலாம் என்பது அட்டையில் இருக்கும். பழைய பல்புச் சரம் என்றால் பெரும்பாலும் மூன்றுதான்.

டைமர் திருகி வைக்கும் வகையா? நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் ஒரு மணி பின்னுக்குப் போகும்போது அதையும் திருப்புங்கள். 2026-ல் கடிகாரம் மாறுவது நவம்பர் 1, தீபாவளி நவம்பர் 8. திருப்பாமல் விட்டால், தீபாவளி இரவில் விளக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே எரிந்து, ஒரு மணி நேரம் முன்னதாகவே அணைந்துவிடும்.

கேள்வி: டிரைவ்வேயில் காவி பூசி, கலர் பொடியில் ரங்கோலி போட்டோம். இரண்டு மாதமாகியும் காவி போகவில்லை. ஆசிட் ஊற்றலாமா? பொங்கலுக்கு மறுபடி போட வேண்டும்.
(வாசகி, சான் ஹோசே, கலிஃபோர்னியா)

பதில்: ஊற்றாதீர்கள். ஆசிட் கான்கிரீட்டின் மேல்தோலையே தின்றுவிடும். சிவப்புக் கறை போய் வெள்ளைத் திட்டு வரும், சங்கத்துக்கு இரண்டாவது கடிதம் எழுத வேலை கிடைக்கும்.

காவி என்பது இரும்பு ஆக்சைடு. கான்கிரீட்டுக்கு நிறமேற்றக் கட்டடக் கடையில் விற்கும் சிவப்புப் பொடியும் அதேதான். ஏற்கெனவே துருவாகி முடிந்த பொருள் என்பதால் வெயிலுக்கும் மழைக்கும் மாறாது. கரைத்துப் பூசும்போது கான்கிரீட்டின் நுண்துளைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. பிரஷர் வாஷர் மங்கவைக்கும், முழுதாக எடுக்காது. 25 டிகிரி முனையை ஓர் அடி தள்ளிப் பிடியுங்கள். ஊசி முனையைக் கிட்டே பிடித்தால் கோடு கோடாகச் சுரண்டும்.

கலர் பொடியில் நாம் செய்யும் தவறு, முதலில் ஹோஸ் பைப்பைத் திறப்பது. காய்ந்திருக்கும்வரை அது வெறும் தூசி, தண்ணீர் பட்டால் சாயம். முதலில் துடைப்பம், அடுத்து வேக்குவம் கிளீனர், கடைசியில் சோப்புத் தண்ணீரும் நைலான் பிரஷும். கழுவிய நீரைத் தெருவோர வடிகாலில் விடாதீர்கள். மழைநீர் வடிகால் சுத்திகரிப்புக்குப் போகாமல் நேரே ஓடைக்குப் போகிறது, பல ஊர்களில் அது நகர விதிமீறல்.

பொங்கலுக்கு ஒரு பலகை தயார் செய்யுங்கள். 4-க்கு 8 அடி ப்ளைவுட்டைக் கடையிலேயே இரண்டாக வெட்டித் தரச் சொன்னால் காரில் ஏறும். ஒரு பாதிக்கு வெளிப்புறப் பெயின்ட் காவி நிறத்தில் இரண்டு பூச்சு. அதன்மேல் கோலமாவு, மாக்கோலம், கலர் எதுவும் போடலாம், மாலையில் கராஜுக்குள் சாய்த்து வைக்கலாம். அரிசி மாவு எறும்புக்குத்தான் என்பது ஊரில் புண்ணியம். கலிஃபோர்னியாவிலோ குளிர்கால மழைக்கு வீட்டுக்குள் ஒதுங்க வழி தேடும் எறும்புப் படை வெளியே காத்திருக்கிறது. பலகையை வாசற்படியிலிருந்து நாலு அடியாவது தள்ளிப் போடுங்கள்.

கேள்வி: கம்பி மத்தாப்பு கூடவா கொளுத்தக் கூடாது?
(வாசகர், ஷ்ரூஸ்பரி, மாசசூசெட்ஸ்)

பதில்: உங்கள் மாநிலத்தில் கூடாது. மாசசூசெட்ஸில் தனியார் கொளுத்தும் பட்டாசு அத்தனையும் தடை, கம்பி மத்தாப்பும் அதில் அடக்கம். பக்கத்து மாநிலத்தில் வாங்கிக் காரில் கொண்டு வருவதும் குற்றம். நியூ ஜெர்சியில் 2017 முதல் 16 வயது நிறைந்தோர் கம்பி மத்தாப்பும், தரையை விட்டுக் கிளம்பாத சிறு வகைகளும் வாங்கலாம். டெக்சஸில் 2023 சட்டப்படி, கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) அனுமதித்தால் தீபாவளியை ஒட்டியும் பட்டாசுக் கடை திறக்கலாம். ஆனால் வாங்க முடிகிறது என்பதால் கொளுத்த முடியும் என்று ஆகாது. நகர எல்லைக்குள் பல ஊர்களில் தடை உண்டு, அதற்கு மேல் சங்கத்தின் தடையும் இருக்கலாம். மாநிலம், நகரம், சங்கம் என்று மூன்று படியும் கேட்ட பிறகே பெட்டியைத் திறங்கள்.

அனுமதி உள்ள ஊர்க்காரர்களுக்கு: மத்தாப்பின் முனை சுமார் 1,100 டிகிரி செல்சியஸ். நவம்பர் குளிரில் பிள்ளைகள் போட்டிருக்கும் பஃபர் ஜாக்கெட் நைலான், பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். பருத்தியோ கம்பளியோ மேலே இருக்கட்டும். எரிந்த கம்பியை வாளித் தண்ணீரில் போட்டு எண்ணிப் பாருங்கள். புல்லில் ஒன்று தங்கினாலும், வசந்தத்தில் புல்வெட்டும் இயந்திரம் அதை அம்பாக எறியும்.

கேள்வி: டிசம்பர் தொடக்கத்தில் வாசலில் பத்து வெள்ளைக் காகிதப் பை, பத்து மெழுகுவர்த்தி, "24-ஆம் தேதி மாலை 5:30" என்று ஒரு சீட்டு. யார் வைத்தது, என்ன செய்ய வேண்டும்?
(வாசகி, நேப்பர்வில், இலினாய்)

பதில்: இது லூமினாரியா. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையில் தெரு முழுக்க நடைபாதையோரம் காகிதப் பைக்குள் விளக்கேற்றும் வழக்கம், நியூ மெக்சிகோ பக்கத்திலிருந்து நாடெங்கும் பரவியது. கார்த்திகைக்கு அகல் வரிசை வைக்கும் கைக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தெருவில் ஒரு வீடு மட்டும் இருட்டாக இருந்தால் பல் விழுந்த மாதிரி தெரியும், அதனால் கலந்துகொள்ளுங்கள்.

பையின் வாயை இரண்டு அங்குலம் வெளிப்பக்கம் மடியுங்கள், விறைப்பாக நிற்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு கப் மணல். 50 பவுண்டு விளையாட்டு மணல் மூட்டை ஒன்று முப்பது பைக்குக் காணும், மூன்று வீட்டுக்குச் சேர்த்து ஒன்று வாங்கினால் போதும். மெழுகுவர்த்தியை மணலின் நடுவில் அழுத்தி நிறுத்துங்கள். ஓரத்தில் சாய்ந்தால் பை பற்றும். 60 அடி முகப்புக்கு ஆறடிக்கு ஒன்று வைத்தால் பத்து பை சரியாக வரும். சருகைப் பெருக்கிவிட்டு வையுங்கள், வினைல் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், சுமார் 70 டிகிரி செல்சியஸிலேயே வினைல் நெளியத் தொடங்கும். காற்று பலமாக இருந்தால் பேட்டரி விளக்கு. நனைந்த மணல் மறுநாள் காலையில் உறைந்து பையோடு ஒட்டிவிடும், எனவே படுக்கப் போகுமுன் எடுத்துவிடுங்கள். நீண்ட லைட்டர் ஒன்று இருந்தால் நலம், பத்துப் பைக்குள் தீக்குச்சியோடு கை விடுவது சுடும் வேலை.

கேள்வி: அக்கம்பக்கத்துக்கு முறுக்கும் மைசூர்பாகும் கொடுக்கப் போகிறேன். வீட்டில் ஆள் இல்லையென்றால் மெயில்பாக்ஸில் வைக்கலாமா? தபால்காரருக்குப் பணம் கொடுப்பது மரியாதையா?
(வாசகி, கேரி, வட கரோலினா)

பதில்: மெயில்பாக்ஸில் தபால்தலை ஒட்டாத எதையும் வைக்கக் கூடாது, அது மத்திய சட்டம். பார்ட்டி அழைப்புச் சீட்டுக்கும் இதே விதி. கதவுக் குமிழில் மாட்டுங்கள். தபால்காரருக்குப் பணம் கூடாது. ஒரு தடவைக்கு 20 டாலருக்குள் பொருளாகவோ கடைப் பரிசு அட்டையாகவோ கொடுக்கலாம், ஆண்டுக்கு ஒரு வீட்டிலிருந்து 50 டாலருக்கு மேல் அவர் வாங்கக் கூடாது.

டப்பாவின் மேல் சீட்டு ஒட்டுவது இனிப்பைவிட முக்கியம். பால், முட்டை, மீன், ஓட்டுமீன், மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா ஆகிய எட்டோடு 2023 முதல் எள்ளும் இங்கே முக்கிய ஒவ்வாமைப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. முறுக்கில் எள் இருக்கிறதல்லவா? மைசூர்பாகில் நெய் என்றால் பால். நாம் கோட்டைவிடும் இடம் பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், எனவே "அரிசி மாவு முறுக்கு, கோதுமை இல்லை" என்று எழுதுமுன் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். முந்திரி வறுத்த நெய்யிலேயே மைசூர்பாகு கிளறினால், முந்திரி கண்ணில் படாவிட்டாலும் சீட்டில் இருக்க வேண்டும்.

கேள்வி: டிசம்பர் 15 முதல் ஐந்து வாரம் சென்னை. வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் போதுமா?
(வாசகர், ஆஷ்பர்ன், வர்ஜீனியா)

பதில்: போதாது, குளிரில் குழாய் வெடிக்கும். தெர்மோஸ்டாட்டை 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறக்காதீர்கள். வெளிக்குழாயிலிருந்து ஹோஸைக் கழற்றுங்கள், கழற்றாத ஹோஸுக்குள் நிற்கும் தண்ணீர்தான் உறைந்து சுவருக்குள் இருக்கும் குழாயை உடைக்கிறது. பிரதான வால்வை மூடி, கீழ்த்தளக் குழாயையும் மாடிக் குழாயையும் திறந்து நீரை வடியுங்கள். கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று பொருள். வட்டத் திருகு உள்ள பழைய வால்வு என்றால் மூடிய பிறகும் சொட்டுகிறதா என்று ஐந்து நிமிடம் பாருங்கள். சொட்டினால் ப்ளம்பரைக் கூப்பிட வேண்டும், அதனால் இந்தச் சோதனையை டிசம்பர் முதல் வாரமே செய்யுங்கள். வெந்நீர்க் குழாயால் சூடாகும் வீடாகவோ, தீயணைப்புத் தெளிப்பான் உள்ள வீடாகவோ இருந்தால் ப்ளம்பரைக் கேட்காமல் வால்வில் கை வைக்காதீர்கள். எரிவாயு வாட்டர் ஹீட்டரை "வெக்கேஷன்" குறிக்குத் திருப்புங்கள். ஃப்ரிட்ஜின் ஐஸ் மேக்கரை நிறுத்துங்கள்.

தபால் நிலையம் 3 முதல் 30 நாள் வரைதான் தபாலை நிறுத்தி வைக்கும். ஐந்து வாரம் என்றால் தற்காலிக முகவரி மாற்றம் போட்டு நண்பர் வீட்டுக்குத் திருப்புங்கள். தெருவில் கார் நிறுத்தாதீர்கள்: பனி விழுந்தால் வாகனத்தை எடுக்கச் சொல்வார்கள், நீங்கள் மயிலாப்பூரில் இருப்பீர்கள். நடைபாதைப் பனியை அள்ள ஆளிடம் முன்பணம் கொடுத்துவிடுங்கள், அது பெரும்பாலும் வீட்டுக்காரர் பொறுப்பு. குப்பைத் தொட்டியைக் கடைசிப் பிக்கப்புக்கு வெளியே வைத்துவிட்டு விமானம் ஏறினால், அது ஐந்து வாரமும் தெருவோரம் நின்று வீட்டில் ஆள் இல்லை என்று ஊருக்கே சொல்லும்.

கூரை விளக்கையும் மறக்காதீர்கள். சங்கத்தின் கெடு ஜனவரி 10, நீங்கள் திரும்புவது ஜனவரி 19 என்றால், புறப்படும் வாரத்திலேயே ஏணியை எடுத்தாக வேண்டும். நாலடி உயரத்துக்கு ஓரடி என்று ஏணியின் காலைத் தள்ளி ஊன்றுங்கள், ஒருவர் கீழே பிடித்துக்கொள்ளட்டும், பனி படிந்த காலையில் ஏறாதீர்கள்.